செல்லத்துரையின் நெஞ்சும் முருகனின் முடியும்

தென்காசியில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் போன மாதம் புதிதாக ஒரு பிரிவு திறந்தார்கள். 'மூளை-இதய நல மையம்' என்று கண்ணாடிக் கதவில் எழுதியிருக்கிறது. கதவு தானாகத் திறக்கும் என்றார்கள். நான் முன்னால் போய் நின்றேன், திறக்கவில்லை. மேடையில் ஏறியவர்கள் எல்லாரும், மூளையும் இதயமும் ஒன்றை ஒன்று எப்படிப் பாதிக்கின்றன என்று நம் பகுதியில் நடந்த கூட்டு ஆராய்ச்சியைப் பற்றி முழங்கினார்கள். வெளிநாட்டுப் பேராசிரியர்களுக்கு நன்றி சொன்னார்கள். மைக் செட்டுக்காரருக்கு நன்றி சொன்னார்கள். கரண்ட் போகாமல் பார்த்துக்கொண்ட லைன்மேனுக்கும் சொன்னார்கள். எனக்குச் சொல்லவில்லை. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. சொல்லியிருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன், அவ்வளவுதான்.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வேறு யாரும் சொல்லப்போவதில்லை. பெயர் சுடலைமுத்து. ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடும் வேலைக்குப் போனேன். சாரல் காலத்தில் அருவிக்கு வருகிறவர்களை வரிசையாகப் பலகையில் உட்காரவைத்து, மந்திரி முதல் மாவு மில்காரர் வரைக்கும் தேய்த்திருக்கிறேன். அப்படி ஒரு நாள் என் கைக்கு வந்து சேர்ந்தவர்தான் தென்காசி ஆஸ்பத்திரி முதலாளி. "இந்தக் கைக்கு நம்ம இடத்துல வேலை இருக்கு" என்று கூட்டிக்கொண்டு வந்தார். ஸ்ட்ரெச்சர் தள்ளினேன், வார்டு பார்த்தேன். இசிஜி எடுக்கிறவர் டீ குடிக்கப் போவார், போனால் வர மாட்டார், நான் எடுப்பேன். அவர் ஓய்வு பெற்றபோது அவரைவிட நான்தான் அதிகம் எடுத்திருந்தேன். அதற்குப் பிறகு இந்த வட்டாரத்தில் நான் கம்பி ஒட்டாத நெஞ்சு என்றால் அது இன்னும் பிறக்காத நெஞ்சுதான். பஸ் ஸ்டாண்டில் இறங்கி 'கம்பி அண்ணாச்சி' என்று கேட்டால் ஆட்டோக்காரர் நேரே வீட்டு வாசலில் கொண்டுவந்து விடுவார்.

இப்படி இருந்த என்னிடம்தான் அந்த ஆராய்ச்சி வந்து சேர்ந்தது. இதய டாக்டர் மதுரைக்காரர். மூளை டாக்டரம்மா சென்னையிலிருந்து வந்தவர். கேள்வித்தாளும் மெஷினும் வெளிநாட்டிலிருந்து வந்தன. பெயர்களைச் சொல்ல மாட்டேன், இரண்டு பேரும் இன்றைக்கும் நோயாளி பார்க்கிறார்கள். இதயத்துக்கும் மூளைக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடிக்க வந்த இந்த இருவருக்குள்ளும் ஒரு தொடர்பும் கிடையாது. பக்கத்துப் பக்கத்து அறை. நடுவில் ஒரு சுவர். சுவருக்கு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஒரு வார்த்தை போக வேண்டுமென்றால் அது என் காலில்தான் போக வேண்டும்.

இதய டாக்டர் மனிதர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். "அந்த வால்வை உள்ள வரச் சொல்லுங்க" என்பார். கடைவீதி மளிகைக்காரர் எழுந்து போவார். பேசும்போது பேனாவால் மேஜையைத் தட்டிக்கொண்டே இருப்பார். தட்டல் நின்றால் ஆபத்து என்று அர்த்தம், நிற்காது. மூளை டாக்டரம்மா வேறு மாதிரி. ஒரு கேள்வி கேட்டுவிட்டு முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்த மௌனத்துக்குப் பயந்து, கேட்காத சங்கதியெல்லாம் ஆட்கள் சொல்லிவிடுவார்கள். ஆராய்ச்சிக்கு வந்த முதல் நாளே என்னிடம், "இன்னைக்கு என்ன கிழமை?" என்றார். வேலை வாங்குகிறவர் கேட்கும் கேள்வியா இது? சரியாகச் சொன்னேன். அப்படியும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

வேலை இதுதான். ஊர் ஊராகப் போய் ஆட்களைச் சேர்க்க வேண்டும். டாக்டரம்மா ஞாபக சக்தியைச் சோதிப்பார். பிறகு நான் நெஞ்சில் ஒரு மெஷின் மாட்டுவேன். சீட்டுக்கட்டு அளவு இருக்கும். ஒரு நாள் முழுக்க நெஞ்சுத் துடிப்பைப் பதிந்துகொண்டே இருக்கும். மாட்டுவது லேசான காரியம் இல்லை. ஆணாக இருந்தால் முதலில் முடியை மழிக்க வேண்டும். ஸ்பிரிட் போட்டுத் துடைக்க வேண்டும். தோல் லேசாகச் சிவக்கும் வரை தேய்க்க வேண்டும். பிறகு வட்டப் பட்டைகளை ஒட்டி, கம்பியை மாட்டி, ஒவ்வொரு கம்பியையும் ஒரு சுற்றுச் சுற்றி அதன்மேல் பிளாஸ்திரி போட வேண்டும். அந்தச் சுற்று இல்லாவிட்டால், ஆள் குனிந்து செருப்பு மாட்டும்போதே கம்பி கையோடு வந்துவிடும். நான் ஒட்டியது மட்டும் வராது. எண்ணெய் தேய்த்த கை. எண்ணெய் எங்கே ஒளிந்திருக்கும் என்று அதற்குத் தெரியும்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை சொல்வேன்: "நாளைக்கு நான் கழட்டுத வரைக்கும் குளிக்கக் கூடாது." இதைச் சாரல் காலத்தில், குற்றாலத்தைச் சுற்றியிருக்கிற ஜனங்களிடம் சொல்ல வேண்டும். வெளிநாட்டுக்காரர்களுக்கு இது எங்கே தெரியும்?

ஜனங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒருவர் மெஷினை பாலிதீன் பையில் கட்டிக்கொண்டு அருவிக்குள்ளேயே போய் நின்றார். இலஞ்சியில் ஒரு அம்மா கழற்றி பீரோவில் பூட்டி வைத்திருந்தார். "வெல கூடுன சாமான்லா அண்ணாச்சி. பேரப்பிள்ளைய கைல கெடச்சா பிச்சிரும். அதான் பத்திரமா வச்சேன்" என்றார். அந்த பீரோவின் நெஞ்சுத் துடிப்பு ஒரு நாள் முழுக்க நேர்கோடாகப் பதிவாகியிருந்தது.

ஞாபகச் சோதனை இன்னும் மோசம். டாக்டரம்மா ஐந்து வார்த்தைகள் சொல்வார்: மூக்கு, கயிறு, சுண்ணாம்பு, வாழை, நீலம். கொஞ்ச நேரம் வேறு கேள்வி கேட்டுவிட்டு, அந்த ஐந்தையும் திருப்பிச் சொல்லச் சொல்வார். சுந்தரபாண்டியபுரத்தில் முகாம் போட்டோம். முதல் நாள் காலையில் வந்தவர்கள் தடுமாறினார்கள். மத்தியானம் வந்தவர்கள் முழு மார்க். மறுநாள் வந்தவர்கள் அத்தனை பேரும் முழு மார்க். டாக்டரம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இந்த ஊர்த் தண்ணீரில் ஏதோ இருக்கிறது, தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றார். அப்போது ஒரு பெரியவர் உள்ளே வந்து, நாற்காலியில் உட்காரும் முன்பே, "மூக்கு, கயிறு, சுண்ணாம்பு, வாழ, நீலம். சரிதானம்மா? போவட்டுமா?" என்றார். தெருவே மனப்பாடம் செய்து வைத்திருந்தது. மாமியாருக்கு மருமகள் பாடம் எடுத்திருக்கிறாள். ஒருவரும் ஃபெயில் ஆகிவிடக் கூடாதே என்ற நல்ல எண்ணம்.

இதைப் பரீட்சை என்று நினைத்துவிட்டார்கள். அதுதான் செல்லத்துரை விஷயத்தில் உயிரோடு விளையாடிவிட்டது.

செல்லத்துரை அந்த ஊர் வேன் டிரைவர். சொந்த வண்டி. சூரியகாந்தி பூக்கிற மாதங்களில் வயலைப் பார்க்க வருகிறவர்களையும், படம் எடுக்க வருகிறவர்களையும் ஏற்றுவார். சாரல் விழுந்தால் குற்றாலம், ஐந்தருவி. இரண்டும் இல்லாத நாளில் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அவரை ஆஸ்பத்திரிக்கே வரவழைத்து டாக்டரம்மா புது வார்த்தைகள் மாற்றிக் கேட்டார், அவரும் நன்றாகத்தான் சொன்னார். பிறகு கடிகாரம் வரையச் சொன்னார். பாதி வட்டம் போட்டவர், பென்சிலைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். கண் திறந்திருக்கிறது, ஆள் இல்லை. நான் பக்கத்தில் போவதற்குள் திரும்பி வந்து மீதி வட்டத்தையும் போட்டு முடித்தார். ஒன்றும் நடக்காதது போல, "முள்ளு எங்கன வைக்கணும்?" என்றார்.

டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார். "அவர்கிட்ட சொல்லுங்க. இது வலிப்பாவும் இருக்கலாம், ஹார்ட் விட்டு விட்டு நிக்கிறதாவும் இருக்கலாம். மெஷின் உடனே வேணும்."

நான் அடுத்த அறைக்குப் போனேன்.

"இசிஜி நார்மல்னு சொல்லுங்க. மெஷின் வரிசைப்படிதான்" என்றார் இதய டாக்டர். பேனா தட்டுகிறது.

திரும்பி வந்தேன். "இசிஜி எடுத்த நேரத்துல அவர் நல்லா இருந்தார். அவ்வளவுதான் அதுக்கு அர்த்தம்னு சொல்லுங்க" என்றார் டாக்டரம்மா.

மறுபடி போனேன். "அந்த ஆள் உறைஞ்சு போனது அவங்க ரூம்ல. என் ரூம்ல இல்லைன்னு சொல்லுங்க."

இப்படி நடந்ததில் என் செருப்பு தேய்ந்தது. கடைசியில், "நீங்க ரெண்டு பேரும் தீர்மானம் பண்ணுங்க சார், அதுவரைக்கும் மெஷின் அந்த ஆளு நெஞ்சுல இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு நானே மாட்டிவிட்டேன். செல்லத்துரையின் நெஞ்சை மழித்து, மெழுகிவிட்ட தரை போல ஆக்கித்தான் ஒட்டினேன்.

மறுநாள் காலையில் மஞ்சள் பையில் மெஷினோடு வந்து நின்றார். "ஒங்களுக்கு எதுக்கு அண்ணாச்சி செரமம்? நானே கழட்டிட்டேன்" என்றார். பதிவைக் கம்ப்யூட்டரில் போட்டார்கள். ஆகா, என்ன துடிப்பு! ஆரம்பத்தில் கொஞ்சம் கலைந்திருந்தது, கம்பி ஆடியிருக்கும் என்றார்கள்; அதற்கப்புறம் கடைசி வரை ஒரே சீர். இதய டாக்டர் முகத்தில் கல்யாண வீட்டுக் களை. "அவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க, ஹார்ட் சுத்தம். வலிப்பை அவங்களே வச்சுக்கட்டும்." அதோடு விட்டாரா? ஆரோக்கியமான இதயம் எப்படி இருக்கும் என்பதற்கு உதாரணமாக அந்தப் பதிவை அன்றைக்கே வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டார்.

டாக்டரம்மா பெருமூச்சு விட்டார். "அப்போ வலிப்புதான். மாத்திரை ஆரம்பிச்சிடலாம். இனிமே வண்டி ஓட்டக் கூடாதுன்னு வீட்டுல சொல்லிடுங்க."

நான் மெஷினைத் துடைக்க எடுத்தேன். பட்டைகள் கம்பியிலேயே தொங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு பட்டையிலும் கொத்துக் கொத்தாக முடி. நல்ல கறுப்பு, சுருட்டை. நான் பட்டையைப் பார்த்தேன். செல்லத்துரையை நினைத்துப் பார்த்தேன். மெழுகிய தரையில் ஒரே ராத்திரியில் புல் முளைக்குமா?

மொபெட்டை எடுத்துக்கொண்டு நேரே சுந்தரபாண்டியபுரம் போனேன். சூரியகாந்தி வயலில் நாலைந்து பெண்பிள்ளைகள் பூவுக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு அங்கிட்டு செல்லத்துரையின் தம்பி முருகன் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தான். கபடி ஆடிய உடம்பு. கரடி போல் நெஞ்சு.

"ஏலே முருகா, சட்டையக் கழட்டுலே."

"எதுக்கு அண்ணாச்சி?"

"கழட்டுங்கேன்லா."

கழற்றினான். அந்தக் காட்டுக்குள் வட்ட வட்டமாக ஐந்தாறு பொட்டல். ஒவ்வொன்றும் சிவந்து கிடக்கிறது. பெண்பிள்ளைகள் பூவை விட்டுவிட்டு எங்களைப் படம் எடுக்க ஆரம்பித்தார்கள்.

"வலிச்சிச்சாலே?"

"உசுரு போயிட்டு அண்ணாச்சி" என்றான், அண்ணனுக்காகப் பொறுத்துக்கொண்ட பெருமையோடு.

அவனை இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். செல்லத்துரை கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி பேச்சியம்மாள் என்னைப் பார்த்ததும் புரிந்துகொண்டார்.

"நாந்தான் அண்ணாச்சி மாத்திப் போடச் சொன்னேன். ஒங்க டாக்டர்மாரு இவியளுக்கு நெஞ்சு சரியில்லன்னு எழுதிட்டா வண்டியப் புடுங்கிருவாவன்னு பேசிக்கிட்டாவ. கொழுந்தனுக்கு நல்ல நெஞ்சு. அவன் மாட்டுனா பாஸாயிரும்னு…"

"நல்லாப் பாஸாச்சு தாயி! அவன் நெஞ்சு அம்புட்டுச் சுத்தமா இருக்கப் போயிதான் இப்ப ஒம் மாப்பிள்ளைக்கு மூளையில கோளாறுன்னு எழுதுதாவ. வலிப்பு மாத்திரையத் தின்னுக்கிட்டு இவரு வீட்டுல இருக்கணும். நெஞ்சு வேற நின்னுச்சுன்னா? அதுக்கு யாரு மாத்திரை குடுப்பா?"

பேச்சியம்மாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் செல்லத்துரையைக் கேட்டேன். "எத்தன நாளா இருக்கு?"

"ஒரு துண்டு காணாமப் போவுது அண்ணாச்சி" என்றார். "வலி கெடயாது, மயக்கம்னும் சொல்ல முடியாது. பேசிக்கிட்டே இருப்பேன், நடுவுல ஒரு துண்டு இருக்காது. பொறவு எங்க விட்டேன்னு தேடுவேன்."

"ஓட்டும்போது?"

பேச்சியம்மாள்தான் சொன்னார். "பழைய குத்தாலம் போற ரோட்டுல ஒருக்கா. பள்ளிக்கூடத்துப் பிள்ளைய உள்ள இருந்தாவ. ஓரத்துக் கல்லுல மோதி நின்னுட்டு. பிள்ளைய சிரிச்சிருக்காவ, வெளையாட்டுக்குச் செய்தாருன்னு."

வேன் சாவியை வாங்கி முருகனிடம் கொடுத்தேன். அவனுக்கும் லைசென்ஸ் உண்டு. செல்லத்துரையை அங்கேயே படுக்க வைத்து மெஷினை மறுபடி மாட்டினேன். மறுநாள் காலையில் விருதுநகர்க்காரர்களை ஐந்தருவிக்குக் கூட்டிப்போகிற சவாரி ஒன்று இருந்தது. முருகன் ஓட்ட, செல்லத்துரை பக்கத்தில் உட்கார, நான் பின்சீட்டில் கண்காணிப்பு. ஆஸ்பத்திரியில் லீவு போட்டுவிட்டு வந்தேன். இந்தத் தியாகத்தையும் மேடையில் யாரும் குறிப்பிடவில்லை.

சவாரிக்காரர்கள் குளிக்கப் போனார்கள். அருவிச் சத்தத்துக்கு நடுவே செல்லத்துரை மங்குஸ்தான் விற்கிற அம்மாவிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தார். "இங்கேரு, இதுல பாதி அழுகல். கொறச்சுக்…" என்றவர் நின்றார்.

"என்ன அண்ணாச்சி, வெலயக் கேட்டதும் சாமி வந்துட்டோ?" என்றார் அந்த அம்மா.

செல்லத்துரை முகம் வெளுத்து அப்படியே கூடையின் மேல் சாய்ந்தார். பழமெல்லாம் சிதறி ஓடியது. முருகன் பாய்ந்து பிடித்தான். அந்த அம்மா, "ஐயையோ, நான் சும்மா கேலிக்குச் சொன்னேனே" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டார். நான் செல்லத்துரையின் கழுத்தில் விரல் வைத்தேன். ஒன்றும் இல்லை. எத்தனை ஆயிரம் நெஞ்சைத் தொட்ட கை இது! விரலை இடம் மாற்றி மாற்றி அழுத்திப் பார்த்தேன், அப்பவும் இல்லை. பிறகு ஒரு துடிப்பு. அப்புறம் இன்னொன்று.

செல்லத்துரை கண் திறந்தார். "…குடுப்பியா மாட்டியா?" என்றார்.

அந்த அம்மா சும்மாவே ஒரு பை நிறையக் கட்டிக் கொடுத்துவிட்டார்.

மத்தியானம் பதிவைக் கம்ப்யூட்டரில் ஓடவிட்டோம். துடிப்பு, துடிப்பு, துடிப்பு, பிறகு கோடு. கோடு போய்க்கொண்டே இருந்தது. நடந்து முடிந்த சமாச்சாரம், ஆள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து மங்குஸ்தான் தின்றுகொண்டிருக்கிறார். அப்படியும் அடுத்த துடிப்பு வருகிற வரைக்கும் நான் மூச்சு விடவில்லை. இதய டாக்டரின் பேனா நின்றது.

அவர் எழுந்தார். என்னிடம் ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை. தானே வெளியே போய், பக்கத்து அறைக் கதவைத் தட்டினார்.

"உள்ள வாங்க கம்பி அண்ணாச்சி" என்றார் டாக்டரம்மா. அந்தக் கதவை வேறு யார் தட்டப்போகிறார்கள்?

உள்ளே போனவர் அவரைத் தன் அறைக்குக் கூட்டி வந்து திரையைக் காட்டினார். டாக்டரம்மா வழக்கம்போல் ரொம்ப நேரம் பார்த்தார். "இது நிக்கிறப்ப மேல ரத்தம் போகல. அதான் அவர் உறைஞ்சு போறார். வலிப்பு இல்ல" என்றார். "என் பக்கம்தான் கோளாறு" என்றார் இதய டாக்டர். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான். நான் டீ வாங்கி வந்தேன். டீ ஆறுவதற்குள், இதைப் பற்றிக் கட்டுரை எழுதினால் யார் பெயர் முதலில் வர வேண்டும் என்று சண்டை ஆரம்பித்திருந்தது.

முருகனின் பதிவுக்கு அதற்குள் வெளிநாட்டிலிருந்து பாராட்டு வந்துவிட்டது. அதைத் திரும்ப வாங்கும்போது 'டெக்னிக்கல் இஷ்யூ' என்று எழுதி அனுப்பினார் இதய டாக்டர். டெக்னிக்கல் இஷ்யூ என்றால் முருகன். அவன் வருத்தப்படவில்லை. "எப்படியும் என் நெஞ்சு பிளேன் ஏறிப் போயிட்டு வந்துட்டுல்லா" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

செல்லத்துரைக்குத் திருநெல்வேலியில் நெஞ்சுக்குள் பேஸ்மேக்கர் வைத்தார்கள். நெஞ்சு நின்றால் அது தட்டி எழுப்பும். பல மாதம் வண்டியைத் தொடக் கூடாது என்று உத்தரவு. முருகன் ஓட்டினான், செல்லத்துரை வாசலில் உட்கார்ந்து, வண்டி போகிற சத்தத்தை வைத்தே எந்த கியரில் போகிறது என்று திட்டிக்கொண்டிருந்தார். பேச்சியம்மாள் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "மறுபடி ஓட்ட விடுவாவளா அண்ணாச்சி?" என்று கேட்பார். அடுத்த சாரல் தொடங்குகிற சமயத்தில் இரண்டு டாக்டர்களும் அவரைத் தனித்தனியாகச் சோதித்து, ஓட்டலாம், ஆட்களையும் ஏற்றலாம் என்று ஒரே தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள்.

ஆராய்ச்சி முடிந்தது. குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் கடைசிக் கூட்டம் போட்டார்கள். கூட்டம் முடிந்ததும் இரண்டு டாக்டர்களும் மதுரைக்குப் போக வேண்டும். ஆஸ்பத்திரி கார் வழியிலேயே படுத்துவிட்டது. வண்டி ஏற்பாடு பண்ணச் சொன்னார்கள். பண்ணினேன். லாட்ஜ் வாசலில் வேன் வந்து நின்றது. ஸ்டியரிங்கில், நெற்றி நிறைய விபூதியோடு, செல்லத்துரை.

இதய டாக்டர் என் காதருகே குனிந்தார். "முருகன் வரலையா?"

"தண்ணி பாய்ச்சுதான் சார்."

டாக்டரம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பஸ் ஏதாவது இருக்குமா?"

செல்லத்துரைக்குக் காது நன்றாகக் கேட்கும். தலையை வெளியே நீட்டினார். "என்ன டாக்டரம்மா? ஊர்ப் பிள்ளைகள ஏத்தலாம்னு ரெண்டு பேரும்லா கையெழுத்துப் போட்டுத் தந்திய. பிள்ளைய ஏறலாம், நீங்க ஏற மாட்டியளோ?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஏறினார்கள். டிரைவருக்கு நேர் பின்சீட்டில், பக்கத்தில் பக்கத்தில். நான் கடைசி சீட்டில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

சாரல் விழுந்துகொண்டிருந்தது. செல்லத்துரை பல மாதம் அடக்கி வைத்திருந்த பேச்சையெல்லாம் அவிழ்த்துவிட்டார். ஊர்க்கதை, முருகனுக்குப் பெண் பார்க்கிற கதை. கடையநல்லூர் தாண்டி, "பொண்ணு வீட்டுக்காரவ என்ன கேட்டாவன்னா…" என்றவர், நிறுத்தினார்.

கண் இமைப்பதற்குள் இதய டாக்டர் எட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். டாக்டரம்மா முன்பக்கம் பாய்ந்து முகத்தைப் பிடித்துத் திருப்பினார். "பல்ஸ் இருக்கு!" என்று இவர் கத்தினார். "கண் பார்க்குது!" என்று அவர் கத்தினார். ஆராய்ச்சி தொடங்கிய நாளிலிருந்து இரண்டு பேரும் நேருக்கு நேராக ஒருவருக்கொருவர் தகவல் சொல்லிக்கொண்டதை அன்றைக்குத்தான் நான் இரண்டாவது முறையாகப் பார்த்தேன்.

வேன் ரோட்டு நடுவில் அசையாமல் நின்றது.

"மாடு குறுக்க போவுது சார்" என்றார் செல்லத்துரை. "கைய விடுங்க, கியர் மாத்தணும்."